தவறுக்கு இடம் கிடைத்த ஓராண்டு: ஒரு பள்ளியின் தலைமை மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

எதை வைத்து எழுதுகிறேன்

34 ஆசிரியர்கள் பணிபுரியும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு கல்வியாண்டு முழுக்க நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அப்போது நான் அங்கே உதவித் தலைமையாசிரியர். நடந்தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. சில இடங்களில் அது பெருமைப்படக் கூடிய பங்கு இல்லை. என் நாட்குறிப்பும் கூட்டக் குறிப்புகளும் கையில் இருந்தன. ஆண்டு முடிந்த பிறகு ஆசிரியர்கள் சிலரோடு உட்கார்ந்து பேசினேன். யாரையும் அடையாளம் காட்டக் கூடாது என்பதால் பெயர்களை விட்டுவிட்டு, அவரவர் பாடத்தைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

முந்தைய தலைமையாசிரியர் ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் அது பொய். காலையில் முதல் ஆளாக வருவார். கணக்கு வழக்கில் யாரும் குறை சொன்னதில்லை. ஆசிரியர் வேலையைக் கண்காணித்துக்கொண்டே இருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும் என்று மனதார நம்பினார். திங்கட்கிழமை காலை பாடக்குறிப்பேடுகள் அவர் மேசைக்குப் போக வேண்டும், சிவப்பு மையில் குறிப்புகளோடு திரும்பி வரும். அவர் ஒரு வகுப்புக்குள் நுழைந்தால் அந்த ஆசிரியர் மீது ஏதோ புகார் வந்திருக்கிறது என்று அர்த்தம். பருவத் தேர்வு முடிந்ததும் கூட்டம் கூட்டி, பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை உரக்க வாசிப்பார். குறைந்த பாடத்தின் ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். விளக்கம் கேட்டு அனுப்பும் மெமோக்களை எழுதியது நான். நன்றாகவே எழுதுவேன் என்று பெயர் இருந்தது.

அவர் ஓய்வு பெற்றார். வேறொரு பள்ளியிலிருந்து ஒரு பெண் தலைமையாசிரியர் வந்தார். ஆசிரியர் அறையில் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. "ஆள் மாறும், மெமோ மாறாது" என்றார் ஒருவர். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தக் கதையில் மூன்று ஆசிரியர்கள் அடிக்கடி வருவார்கள். கணித ஆசிரியருக்கு 22 ஆண்டு அனுபவம். ஒரு காலத்தில் அட்டையிலும் குச்சியிலும் தானே மாதிரிகள் செய்து கொண்டுவந்தவர், இப்போது பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு "எழுதிக்கோங்க" என்பதோடு நிறுத்திக்கொள்பவர். அறிவியல் ஆசிரியைக்கு அது மூன்றாம் ஆண்டு. ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மொழி ஆசிரியை, எந்த வேலையைக் கொடுத்தாலும் முடித்துவிடுவார் என்று எல்லோரும் நம்புகிறவர்.

முதல் வாரங்களில் கண்டவை

புதியவர் மூன்று வாரம் எதையும் மாற்றவில்லை. நடந்தார், பார்த்தார், சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் வார இறுதியில் என்னைக் கூப்பிட்டு இரண்டு விஷயங்களைக் காட்டினார்.

ஒன்று, பாட நேரத்தில் நடக்கும் குறுக்கீடு. கணித ஆசிரியருக்கு அந்த வாரம் 28 பாடவேளைகள். அவற்றில் 11 பாடவேளைகளில் யாராவது கதவைத் தட்டியிருந்தார்கள். சுற்றறிக்கை, ஏதோ பட்டியல், அலுவலகத்திலிருந்து ஒரு சந்தேகம், ஒலிபெருக்கி அறிவிப்பு. தட்டச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் நான்தான்.

இன்னொன்று என்னை நன்றாகவே தலைகுனிய வைத்தது. ஓர் ஆசிரியரின் போன ஆண்டுப் பாடக்குறிப்பேட்டையும் அதற்கு முந்தைய ஆண்டுக் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தார். தேதியைத் தவிர வரிக்கு வரி ஒன்று. சரி, ஆசிரியர் சோம்பல்பட்டுவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஓரத்தில் இருந்த குறிப்புகளைக் காட்டினார். பழைய தலைமையாசிரியர் விடுப்பில் இருந்த வாரங்களில் நான் எழுதியவை. அவையும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாகவே இருந்தன. "அவர் படிக்காமல் எழுதியிருக்கிறார், நீங்கள் படிக்காமல் திருத்தியிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் திங்கட்கிழமை காலை போய்விட்டது" என்றார்.

வகுப்பறைகளில் கண்டது இதைவிட முக்கியம். கணித ஆசிரியர் கேள்வி கேட்பார், மாணவர்கள் வாய் திறக்கும் முன்பே விடையையும் சொல்லிவிடுவார். இது பல ஆசிரியர்களிடம் உள்ள பழக்கம்தான். 1970-களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளில் இதை அளந்து பார்த்தார். கேள்விக்குப் பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்கே காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். எங்கள் கணித ஆசிரியருக்கு இது பயிற்சி வகுப்பிலேயே தெரியும். தெரிந்தும் ஏன் காத்திருப்பதில்லை என்று தலைமையாசிரியர் சாதாரணமாகக் கேட்டார். பதில் உடனே வந்தது: "பையன் தப்பாச் சொன்னா அது என் தப்புன்னு எழுதுவாங்க மேடம். வாசல்ல யார் நிக்கறாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அந்தப் பதிலை அன்றிரவு அப்படியே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். தேர்ச்சி குறைந்தால் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டிய ஒருவர், தன் வகுப்பில் ஒரு மாணவன் தவறுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். தலைமையாசிரியர் அறையில் தவறுக்குக் கிடைக்கும் மரியாதைதான் வகுப்பறையிலும் கிடைக்கிறது. ஆண்டு முழுவதும் எங்கள் முடிவுகளை நான் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் செய்தது பலிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊக்கம் கொடுக்க வேண்டும் என்று நினைத்து "இம்மாத ஆசிரியர்" என்று ஒரு பலகை வைத்தோம். யோசனை என்னுடையது. முதல் மாதம் கை தட்டினார்கள். இரண்டாம் மாதம் யார் பெயர் ஏன் வந்தது என்று பேச்சு தொடங்கியது. பெயர் வந்தவரே அந்தப் பக்கம் போக வெட்கப்பட்டார். பாராட்டு என்று நாங்கள் நினைத்தது அவர்களுக்கு இன்னொரு தரவரிசையாகத்தான் தெரிந்தது. பலகையைக் கழற்றினோம்.

அப்புறம் எடுத்த முடிவுகள் ஆரவாரம் இல்லாதவை. முதல் நான்கு பாடவேளைகளில் யாரும் கதவைத் தட்டக் கூடாது. சுற்றறிக்கை இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வரும். இதைச் செய்ய ஒரு நாள்கூட ஆகவில்லை, யாருக்கும் செலவும் இல்லை. ஆனால் ஆண்டு இறுதியில் எது உதவியது என்று கேட்டபோது பலர் முதலில் சொன்னது இதைத்தான். ஆசிரியருக்கு ஊக்கம் கொடுப்பது பற்றி நிறையப் பேசுகிறோம், அவர் பாடம் நடத்துகிற நேரத்தைப் பறிக்காமல் இருப்பது பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

பாடக்குறிப்பேட்டை ஒழிக்க முடியாது, விதி அப்படி. அதனால் வடிவத்தை மாற்றினோம். வாரத்துக்கு ஒரு பக்கம், மூன்று கேள்விகள்: இந்த வாரம் என்ன நடத்தப் போகிறீர்கள்? பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? போன வாரம் எது சரியாக வரவில்லை? நான் எதிர்த்தேன். மூன்றாவது கேள்விக்கு யாரும் உண்மையாக எழுத மாட்டார்கள் என்றேன். முதல் ஆறு வாரம் நான் சொன்னதுதான் நடந்தது. பெரும்பாலான தாள்களில் அந்த இடம் காலி, அல்லது "எல்லாம் சரியாக வந்தது".

அதை மாற்றியது தலைமையாசிரியரின் சொந்தத் தோல்வி. எட்டாம் வகுப்பில் வாரம் ஒரு கணித வேளையை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியர்கள் விரும்பினால் வந்து உட்காரலாம். பின்ன வகுத்தல் பாடம். எட்டை அரையால் வகுத்தால் எவ்வளவு என்று கேட்டார். வகுப்பே "நாலு" என்றது. இல்லை, பதினாறு என்று சொல்லிவிட்டு, தலைகீழாக்கிப் பெருக்கும் விதியைப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், ஒருவருக்கும் புரியவில்லை. அந்த வாரக் கூட்டத்தில் இதைத் தன் தாளிலிருந்து அவரே வாசித்தார். அறை அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து கணித ஆசிரியர் சிரித்துவிட்டார். பிறகு எழுந்து, "எட்டுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னு கேட்டிருக்கணும் மேடம். காகிதத்தை மடிச்சுக் கிழிச்சாப் போதும், பதினாறை அவங்களே எண்ணிச் சொல்லிடுவாங்க" என்றார். மறுவாரம் அவரே வந்து அந்த வகுப்பில் செய்து காட்டினார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மூன்றாவது கேள்விக்குக் கீழே எழுத்து வரத் தொடங்கியது.

தலைமை ஆசிரியர் தானும் கற்பவராக உட்காருவது வெறும் பெருந்தன்மை என்று அதுவரை நினைத்திருந்தேன். 2008-ல் விவியன் ராபின்சனும் அவர் சகாக்களும் அதற்கு முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு கொண்ட தலைமைச் செயல் ஆசிரியர்களின் கற்றலை முன்னெடுத்து அதில் தானும் பங்கெடுப்பதுதான் என்று வந்தது. எங்கள் பள்ளியில் அது காகிதக் கீற்றுகளோடு வந்து சேர்ந்தது.

வகுப்புப் பார்வைக்கும் சில வரம்புகள் வைத்தோம். முந்தைய நாளே சொல்ல வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது. அன்றே பேச வேண்டும், ஆசிரியர்தான் முதலில் பேசுவார். எதுவும் கோப்புக்குப் போகாது. கடைசி வரம்பை நம்ப வைக்கத்தான் மாதங்கள் ஆயின. என் கையில் பேனா இருந்தாலே சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் வெறுங்கையோடு போகப் பழகினேன்.

ஒரே பாடத்தின் ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பொது ஓய்வு வேளை கொடுக்கவும் முடிவானது. கால அட்டவணையைப் பிரித்துப் போட எனக்கு நான்கு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை கடைசி வேளையை இழந்தவர்கள் என்னோடு சில வாரம் சரியாகப் பேசவில்லை.

ஒரு புகார்

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் ஒரு தந்தை தாழ்வாரத்தில் நின்று அறிவியல் ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கத்தினார். மகளுக்கு வேண்டுமென்றே மதிப்பெண் குறைத்துவிட்டார் என்பது புகார். பழைய வழக்கப்படி ஆசிரியையை அறைக்கு வரவழைத்து, பெற்றோர் முன்னாலேயே விளக்கம் கேட்டிருப்போம். தலைமையாசிரியர் தந்தையை உட்கார வைத்து முழுவதும் கேட்டார். "டீச்சரிடம் பேசிவிட்டு நாளை சொல்கிறேன், அதுவரை அவரை வழியில் நிறுத்தி எதுவும் கேட்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை விடைத்தாளைப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளின் மீது நிகர விசை இருந்தே ஆக வேண்டுமா என்பது கேள்வி. கையேட்டில் இருந்த விடை "ஆம்". மாணவி எழுதியது: "தேவையில்லை, ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போனால் நிகர விசை பூஜ்யமாக இருக்கும்." நியூட்டனின் முதல் விதிப்படி மாணவி சொன்னதுதான் சரி. ஆசிரியை அவசரத்தில் கையேட்டைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். தலைமையாசிரியர் மழுப்பவில்லை. "இது உங்கள் தவறு. கையேட்டின் தவறும்கூட. நாளை அவரிடம் எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டார். ஆசிரியை கொஞ்ச நேரம் அழுதார்.

மறுநாள் தந்தையிடம் மதிப்பெண் திருத்தப்படும் என்பதை ஆசிரியையே சொன்னார். தலைமையாசிரியர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். தந்தை மீண்டும் குரலை உயர்த்தியபோது, "தவறு சரியாகிவிட்டது. வேண்டுமென்றே செய்தார் என்பதை நான் ஏற்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார். ஆசிரியை அதற்குப் பிறகு செய்ததை நாங்கள் யாரும் சொல்லிச் செய்யவில்லை. வகுப்புக்குப் போய், அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி, தான் தவறாகத் திருத்தியதையும் ஏன் தவறினேன் என்பதையும் மாணவர்களுக்கு விளக்கினார். அந்தப் பாடவேளை முழுவதும் விவாதமாகப் போனது என்று பிள்ளைகள் வந்து சொன்னார்கள். ராஜினாமாக் கடிதம் பற்றி எங்களிடம் அவர் பேசியது அதற்குச் சில வாரங்கள் கழித்து. அதற்குள் கிழித்துவிட்டிருந்தார்.

இரண்டாம் பாதியில்

கணித வகுப்பில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. தவறான விடையைப் பலகையில் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, "இது எப்படி வந்திருக்கும்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார். அட்டை மாதிரிகள் திரும்ப வந்தன. இத்தனை ஆண்டு அனுபவமுள்ளவர் இனி எங்கே மாறப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். மேத்யூ கிராஃப்டும் ஜான் பாப்பேயும் வட கரோலினாவின் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வை அப்புறம்தான் படித்தேன். ஆதரவான பணிச்சூழல் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள், அது குறைவாக உள்ள பள்ளிகளின் ஆசிரியர்களைவிடப் பத்தாண்டில் 38 விழுக்காடு அதிகம் மேம்பட்டிருந்தார்கள். எங்கள் கணித ஆசிரியரின் 22 ஆண்டுகளில் நல்ல ஒரு பகுதியை நாங்கள் வீணடித்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்கள் பெருகின. மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த அலுவலர் அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு, "இந்தப் பள்ளியில் ஏன் இவ்வளவு பிரச்சினை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். 1990-களில் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். அலுவலரிடம் இதைச் சொன்னோம். முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சறுக்கிய இடங்கள்

சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் புதிய சூழலை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம், தாளில் இரண்டு வரி. தலைமையாசிரியர் இரண்டு மாதம் எதுவும் கேட்கவில்லை. பழைய மெமோ காலம் திரும்பிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. நடந்தது நேர்மாறு. "எங்களை நம்புவதும் அவரைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒன்றா மேடம்?" என்று நேராகவே கேட்டார்கள். அதற்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், பலன் இல்லை என்றதும் எழுத்தில் விளக்கம் கேட்டார். அந்த ஆண்டில் நான் எழுதிய ஒரே மெமோ அதுதான். ஆசிரியர் அறையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மொழி ஆசிரியை விஷயத்தில் நேர்ந்தது இதைவிட வலித்தது. நம்பிக்கைக்குரியவர் என்று ஆண்டு விழா, நூலகம், புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டுதல், பெற்றோர் கூட்டம் எல்லாம் அவரிடமே போனது. ஒவ்வொன்றையும் பாராட்டோடு கொடுத்தோம். ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கையில் நீண்ட விடுப்புக் கேட்டு வந்தார். "பழைய சார் மேல் எனக்குப் பயம் இருந்தது, அதனால் முடியாது என்று சொல்லத் தெரிந்தது. மேடத்திடம் முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அவருடைய வகுப்புகளை அந்த ஆண்டு நாங்கள் ஒரு முறைகூடப் பார்வையிடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நன்றாக நடத்துகிறவர் என்று விட்டுவிட்டோம்.

ஆண்டு இறுதியில்

தேர்ச்சி விழுக்காடு பெரிதாக மாறவில்லை. கணிதத்தில் சற்றுக் கூடியது, மற்றவை ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருந்தன. இதை மறைத்துச் சொன்னால் ஆய்வு என்று போட்டதற்குப் பொருளில்லை. வருகைப் பதிவேட்டில், திங்கட்கிழமைகளில் எடுக்கும் தற்செயல் விடுப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. முன்பு பாடக்குறிப்பேடுகள் தலைமையாசிரியர் மேசைக்குப் போனதும் திங்கட்கிழமைதான் என்பதை இத்தனை ஆண்டும் நான் சேர்த்து யோசித்ததில்லை.

கணித ஆசிரியர் கவனித்துச் சொன்னது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. விடைத்தாள்களில் எழுதாமல் காலியாக விட்ட கேள்விகள் குறைந்திருக்கின்றன என்றார். இரண்டு பிரிவுகளின் தாள்களை எடுத்து, அதே ஆசிரியரிடம் முந்தைய ஆண்டு படித்தவர்களின் தாள்களோடு ஒப்பிட்டு எண்ணினோம். காலி இடங்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. பல விடைகள் தவறு, ஆனால் முயன்றிருந்தார்கள். வேறு பிள்ளைகள், வேறு வினாத்தாள், ஒரே ஓர் ஆண்டு. எல்லாம் தலைமை மாற்றத்தால் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு முறை என்றால்

"இம்மாத ஆசிரியர்" பலகையை வைக்க மாட்டேன். குறுக்கீட்டை முதல் வாரமே நிறுத்துவேன், அதற்கு மூன்று வாரம் யோசிக்கத் தேவையில்லை. வேலையில் தளர்கிறவரிடம் முதல் மாதமே பேசிவிட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் விலை கொடுப்பவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள். மூன்றாவது கேள்வியை ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் முன் நானும் தலைமையாசிரியரும் எங்கள் தாள்களை முதலில் வாசித்திருக்க வேண்டும். ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பொறுப்புகளைப் பங்கிடும் முறை அடுத்த ஆண்டே மாறியது. யாரிடம் என்னென்ன வேலை இருக்கிறது என்ற பட்டியல் இப்போது ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்கிறது. புதிதாக ஒன்றைக் கொடுப்பதானால் பழையது ஒன்றை எடுக்க வேண்டும். மொழி ஆசிரியை விடுப்பு முடிந்து திரும்பிவிட்டார். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே நூலகம் மட்டும் இருக்கிறது. அதையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.